மூன்று மாதத்தில் எத்தனை சதவீதம்?

அன்புள்ள குட்டி வார்டனுக்கு,

நலம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே எல்லோரும் சௌக்கியம், போடியில் நல்ல மழை. மெஸ் அக்காவைச் சந்தையில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் உன்னைத்தான் விசாரித்தார். அந்த ரசம் விஷயத்தை அவர் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டார், ஊருக்கு வந்தால் நீயே போய் சமாதானம் பேசிக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம், அதைக் கொட்ட உன்னை விட்டால் ஆள் இல்லை. எங்கள் வேலை வழிகாட்டி மையத்துக்குப் பணம் தருகிறவர்களிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. அடுத்த வருடமும் உதவி தொடர வேண்டுமானால், மையத்துக்கு வந்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு மூன்று மாதத்துக்குள் வேலை கிடைத்தது என்று சொன்னால் போதுமாம். வேறு எதுவும் வேண்டாமாம். அளக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஊரார் பணமும் பிள்ளைகளின் நேரமும் செலவாகிற இடத்தில் பலன் இருக்கிறதா என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் என்ன நடக்கும் தெரியுமா?

இரண்டு பெண்களைச் சொல்கிறேன். ஒருத்தி பிளஸ் டூ முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்தாள். ஹாஸ்டல், நைட் ஷிப்ட், மூன்று மாதச் சம்பள ஸ்லிப் எல்லாம் பக்காவாக இருக்கிறது, அவர்கள் கணக்கில் அவள் வெற்றி. தீபாவளிக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. இப்போது விடியற்காலையில் அம்மாவோடு ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போகிறாள். இன்னொருத்தியை மில்லுக்கு அனுப்புவதாக வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். நாங்கள் அவள் அப்பாவிடம் பேசிப் பேசி, விண்ணப்பம் போட வைத்தோம், இன்றைக்குப் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். அவள் பெயருக்கு நேராக நான் எழுத வேண்டியது 'வேலை இல்லை'. இப்படி ஒரு கணக்கை வைத்துப் பணம் கொடுத்தால், அடுத்த வருடம் மையத்தில் இருப்பவர்கள் பிள்ளைகளைப் படிக்கச் சொல்வார்களா, கிடைத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவார்களா?

இதைவிட என்னைத் தூங்கவிடாத கேள்வி வேறு. நாங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? எங்களிடம் வருகிற பெண்களில் நிறையப் பேர் கல்லூரியில் சேர்கிறார்கள், உண்மைதான். ஆனால் 2022-லிருந்து அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கிற பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2024-லிருந்து பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. அரசின் 'நான் முதல்வன்' திட்டம் வழியாகவும் அதே பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிறார்கள். இதில் எங்கள் பங்கு எவ்வளவு? எல்லாவற்றையும் எங்கள் சாதனை என்று ரிப்போர்ட்டில் எழுத எனக்கு மனசு வரவில்லை.

முன்னாடி எவ்வளவு சம்பாதித்தார்கள், இப்போது எவ்வளவு என்று ஒப்பிட்டாலும் சரியாக வராது. ஆர்லி ஆஷன்ஃபெல்டர் என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்கப் பயிற்சித் திட்டங்களை ஆராய்ந்து 1978-லேயே இதைக் காட்டிவிட்டார். பயிற்சிக்கு வருவதற்குச் சற்று முன்புதான் ஆட்களின் வருமானம் சரிந்திருக்கிறது. சரிந்ததால்தான் வருகிறார்கள். பாதிப் பேர் தானாகவே எழுந்துவிடக்கூடும், அந்த ஏற்றமும் பயிற்சியின் கணக்கில் சேர்ந்துவிடும். வேலை போன மறுவாரம் எங்கள் வாசலில் வந்து நிற்கிற முகங்களை நினைத்தால் இது எனக்கு அப்படியே புரிகிறது.

அப்புறம் பிரான்ஸ் ஆய்வு ஒன்று படித்தேன். பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோவும் அவர் கூட்டாளிகளும் 2013-ல் வெளியிட்டது. படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்களுக்கு உதவும் திட்டம், 235 வட்டாரங்கள். ஒரு வட்டாரத்தில் யாருக்கும் உதவி கிடையாது, இன்னொன்றில் கால்வாசிப் பேருக்கு, இன்னொன்றில் பாதி, முக்கால், முழுவதும் என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் உதவி பெற்றவர்களுக்கு நிலையான வேலை கிடைத்தது கூடுதல்தான். ஆனால் அதில் ஒரு பகுதி, உதவி கிடைக்காத பக்கத்து ஆளின் வாய்ப்பைத் தட்டிக்கொண்டு வந்தது. வேலை குறைவாக இருந்த இடங்களில் இது அதிகம். கிடைத்த ஆதாயமும் நிலைக்கவில்லை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்துக் கொடுப்பது போலத்தான், சீட்டின் எண்ணிக்கை கூடவில்லையே. நம் ஊரில் ஒரு கடையில் ஒரு கணக்கர் வேலை இருந்து, அது எங்கள் பெண்ணுக்குக் கிடைத்தால், தெருவுக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அன்று இரவு உனக்குப் போன் செய்திருப்பேன், நீ ஒன்பது மணிக்கே விளக்கணைக்கிற ஆளாயிற்றே.

சரி, அதற்காகக் கடையைச் சாத்திவிடலாமா? மாட்டேன். ஒரு வேலை பிடிக்கவில்லை என்றால் அடுத்ததைத் தேட அந்தப் பிள்ளைக்குத் தெரிகிறதா, சம்பளத்தைக் கூட்டிக் கேட்க வாய் வருகிறதா, கல்யாணப் பேச்சு வந்தபோது படிப்பைக் காப்பாற்றிக்கொள்ள முடிந்ததா, இவைதான் எனக்கு முக்கியம். இவற்றையும் அளக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆஸ்திரியாவில் மரியென்டால் என்ற ஊரில் ஆலை மூடியபோது, வேலை இழந்தவர்கள் தெருவில் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்றுகூட 1930-களின் தொடக்கத்தில் அளந்திருக்கிறார்கள். ஆண்களின் நடை தளர்ந்திருந்தது. கையில் நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. பார்க்க மனசிருந்தால் வழி கிடைக்கும்.

நான் யோசித்திருப்பது இது. கோடை வகுப்புக்கு எப்போதும் இடத்தைவிட ஆட்கள் அதிகம். யாருக்கு இடம் என்பதை இப்போது சிபாரிசும், முந்தி வந்தவர் யார் என்பதும்தான் தீர்மானிக்கின்றன. இனி குலுக்கிப் போடலாம். இந்த முறை குலுக்கலில் பெயர் வராதவர்களுக்கு அடுத்த முறை நிச்சயம். இரண்டு பக்கத்தையும் ஒரே மாதத்தில் ஒரே கேள்விகள் கேட்போம், பிறகு ஒன்றரை, இரண்டு வருடம் தொடர்ந்து கேட்போம். காத்திருப்பவர்கள் வகுப்புக்கு வருவதற்கு முன்பு வரைதான் நேரான ஒப்பீடு என்பது எனக்குத் தெரியும். ஆட்கள் குறைவு, வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று நீ மூக்கைச் சுருக்குவதும் இங்கிருந்தே தெரிகிறது. அதனால்தான் கம்பத்திலும் ஆண்டிபட்டியிலும் இதே வேலை செய்பவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே கேள்வித்தாள் போடலாம் என்கிறேன்.

கேள்வியை நான் கேட்கக் கூடாது. "அக்கா, உங்களால்தான் எல்லாம்" என்றுதான் என்னிடம் சொல்லுவார்கள். வேலையை விட்டவர்கள் போனையே எடுக்க மாட்டார்கள், நம்பரும் மாறியிருக்கும். எடுத்தவர்களை மட்டும் எண்ணினால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். எடுக்காதவர்களைத் தேடிப் பிடித்து, மறைக்காமல் பேச வைக்கிற ஆள் வேண்டும், அது நீதான். ஹாஸ்டலில் யார் எந்தச் சுவர் ஏறிக் குதித்தார்கள் என்று எல்லோர் வாயிலிருந்தும் வரவழைத்தவளாயிற்றே நீ.

கேள்வித்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், இரக்கமில்லாமல் திருத்து. பிள்ளைகளிடம் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் போன் நம்பர்களை அனுப்புவேன். பணம் தருபவர்களுக்கு நான் எழுதப்போகும் பதில் உன் திருத்தம் வந்த பிறகுதான் போகும், மாதக் கடைசி வரை அவகாசம் கேட்டிருக்கிறேன். முடியுமா முடியாதா என்று எழுதியே அனுப்பு, போனில் வேண்டாம். போனில் என்றால் நீ மழுப்பிவிடுவாய்.

அன்புடன்,
உன் ஏழாம் நம்பர் ரூம்காரி