நிறம் போகும், உப்பு போகுமா?

ஆசிரியருக்கு,

முருங்கை விதை, தேங்காய் ஓட்டுக் கரி இவற்றால் சாயக் கழிவுநீரைத் தெளியவைக்கலாம் என்று அடிக்கடி செய்தி வருகிறது. நல்ல விஷயம்தான். கலங்கிய தண்ணீரில் தேத்தாங்கொட்டையை உரசித் தெளியவைத்தவர்கள்தானே நம் பாட்டிமார்! முருங்கை விதையின் புரதம் துகள்களைத் திரட்டி அடியில் படியவைக்கிறது. கரியின் நுண்துளைகளில் சாயம் ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் எங்கள் திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது நிறம் மட்டுமா? பருத்தித் துணியில் சாயம் ஏற அள்ளிக் கொட்டும் உப்பும்தான். அந்த ஆற்றின் குறுக்கே பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகவே மாறியது. 2011இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. கரைந்த உப்பு விதைக்கும் சிக்காது, கரிக்கும் சிக்காது. தண்ணீர் பளிச்சென்று இருக்கும். வாழைக்குப் பாய்ச்சினால் இலை கருகும். உப்பை எடுக்கச் சவ்வூடு வடிகட்டலும் (மெல்லிய சவ்வின் வழியே தண்ணீரை அழுத்திப் பிரிப்பது) ஆவியாக்கலும் வேண்டும். அதற்கு முந்தைய கட்டத்தில் நிறத்தைக் குறைக்க இந்தக் கரி உதவினால் சரி, வரவேற்கலாம்.

அப்புறம், சாயம் குடித்த கரியை எங்கே கொட்டுவதாம்? அடுத்த முறை இப்படிச் செய்தி வெளியிடும்போது இந்தக் கேள்வியையும் ஆய்வாளர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

வாசகர் ஒருவர்,
திருப்பூர்.