ஆசிட் முடியைக் கரைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் குளியலறை அடைப்பு பற்றி வந்த வீட்டுக் குறிப்புகளைப் படித்தேன். நான்காவது குறிப்பில், தண்ணீர் இறங்காவிட்டால் அரை பாட்டில் ஆசிட் ஊற்றுங்கள், அப்படியும் போகவில்லை என்றால் மேலே பிளீச்சிங் பவுடர் தூவுங்கள் என்று இருக்கிறது. தயவுசெய்து அதைத் திருத்துங்கள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். நாலுக்கு ஆறு அடி குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து நிற்பவருக்கு மூச்சு திணறிப்போகும். எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் ஒரு அம்மா இப்படிச் செய்துவிட்டு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தவன் நான்தான். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பது வருடம் சேலையூரில் ஹார்டுவேர் கடை நடத்தினேன். "அண்ணாச்சி, பாத்ரூம்ல தண்ணி நிக்குது, ஒரு ஆசிட் குடுங்க" என்று கேட்காத நாள் கிடையாது. எடுத்துக் கொடுத்துக் காசு வாங்கிப் போட்டிருக்கிறேன். அந்த ஆசிட்டால் பயன் உண்டா என்றால், பெரும்பாலும் இல்லை. நம் வீட்டுக் குளியலறையில் அடைத்துக்கொள்வது முக்கால்வாசி முடி. முடி ஆசிட்டில் சுலபமாகக் கரையாது. ஆசிட்டுக்குப் பிடித்த சாப்பாடு சிமெண்ட். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் பூச்சை அது தின்றுவிட்டுப் போகும். முடி அதே இடத்தில் இருக்கும். அடுத்த மழைக்காலத்தில் கீழ் வீட்டுக்காரர் சீலிங்கில் ஈரம் என்று வந்து கதவைத் தட்டுவார். காஸ்டிக் சோடா கலந்த பவுடர் முடியைக் கரைக்கும், உண்மைதான். ஆனால் அது தண்ணீர் பட்டதும் கொதிக்கிற சரக்கு. கையில் தெறித்தால் தோல் வெந்துவிடும், கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். அப்படியும் அடைப்பு போகாத ஆத்திரத்தில் மேலே ஆசிட்டையும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சோடா உப்பும் வினிகரும் ஊற்றச் சொன்ன உங்கள் இரண்டாவது குறிப்பால் கெடுதல் இல்லை. நுரை பார்க்க அழகாக இருக்கும். கடைசியில் மிஞ்சுவது ஒரு உப்புத் தண்ணீர்தான்.

சரி, இந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது கீழ்த்தளம். தலைக்கு மேல் மூன்று வீடு, எல்லாக் குளியலறைக்கும் ஒரே இறக்குக் குழாய். விடியற்காலை நாலரை மணிக்கே மேலே தடதடவென்று சத்தம் தொடங்கிவிட்டது. மூன்று வீட்டிலும் நல்லெண்ணெய், சீயக்காய், வெந்நீர். ஐந்தே காலுக்கு என் மனைவி குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். ஜாலி (தரையில் தண்ணீர் போகும் ஓட்டையின் சல்லடை மூடி) வழியாகத் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. மஞ்சளும் பழுப்பும் கலந்து, மேலே எண்ணெய் மினுமினுக்க, கணுக்கால் வரைக்கும். நாங்கள் இன்னும் ஒரு சொம்பு தண்ணீர்கூட ஊற்றிக்கொள்ளவில்லை. மேல் வீட்டு மாமா மாடிப்படியில் நின்றுகொண்டு "என்ன சார், கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று வேறு கேட்டார். ஆச்சு சார், உங்க வீட்டு கங்கை நேரா எங்க வீட்டுக்கே வந்துடுச்சு என்றேன்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இறக்குக் குழாயின் அடிவளைவில் அடைத்துக்கொண்டால் மேலேயிருந்து வரும் தண்ணீர் எங்கே பள்ளமாகத் திறந்திருக்கிறதோ அங்கே எட்டிப் பார்க்கும். அந்தப் பள்ளம் கீழ்த்தளத்துக் குளியலறை. மேலே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் வீட்டில் தண்ணீர் ஜம்மென்று இறங்கும்.

தீபாவளியன்று எந்தப் பிளம்பர் வருவார்? கடையை மூடியபோது எடுத்துவந்த, அடைப்பு எடுக்கும் நீளமான ஸ்பிரிங் கம்பி பரணில் இருந்தது. வெளியே சேம்பர் (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் தொட்டி) மூடியைத் தூக்கி அங்கிருந்து குழாய்க்குள் விட்டுச் சுற்றினேன். பத்து அடி போனதும் பிடித்துக்கொண்டது. இழுத்தால் ஒரு சடையே வந்தது. ஒன்றரை அடி நீளம், மணிக்கட்டு கனம். அதைப் பிரித்துப் பார்த்தேன் (கடைக்காரப் புத்தி). நடுவில் முடி. முடியைச் சுற்றிக் களிம்பு மாதிரி சோப்பு. அதில் ஒட்டிக்கொண்டு சீயக்காய்ச் சக்கை, துணியின் நூல், ஷாம்பூ பாக்கெட்டின் கிழித்த மூலைகள், ஒரு ஹேர்பின். பிறகு ஸ்டிக்கர் பொட்டு, எண்ணினேன், பதினாலு. குளிக்கும்போது சுவரில் ஒட்டி வைப்பார்களே, அதேதான். இதெல்லாம் போதாதென்று அடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சிமெண்ட் கட்டி.

சோப்புக் களிம்புக்குக் காரணம் நம் போர்வெல் தண்ணீர். அதில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத வெள்ளைப் பசையாகிவிடும். உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காததும் இதனால்தான். வாளியின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு வளையம் படிகிறதல்லவா, அதே பசைதான் குழாய்க்குள்ளும் படிகிறது. எண்ணெய்க் குளியலன்று அதோடு எண்ணெயும் சேர்ந்துகொள்ளும். முடி கயிறு என்றால் இந்தப் பசை அதன் மேல் பூசிய தார்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது முடியை. எங்கள் அம்மா தலைக்குக் குளிக்கும் முன் சிக்கெடுத்து வாரிவிடுவார். சீப்பில் வந்த முடியை விரலில் சுருட்டி ஓட்டுச் சந்தில் செருகி வைப்பார். சைக்கிளில் முடி வாங்குகிறவர் வந்தால் அதைக் கொடுத்து ஒரு கிண்ணமோ டப்பாவோ வாங்கிக்கொள்வார். உதிர்கிற முடிக்கு அன்று ஒரு விலை இருந்தது, அதனால் அது சாக்கடைக்குப் போகவில்லை. இன்று குளித்துக்கொண்டே தலையை அலசி, கையில் வந்த முடியைக் காலால் ஜாலிப் பக்கம் தள்ளிவிடுகிறோம். வாரிவிட்டுக் குளித்தாலே பாதி அடைப்பு குறையும். மீதிக்கு ஜாலியின் மேல் ஒரு எவர்சில்வர் வலை போதும். பழைய டீ வடிகட்டியின் வலையை வெட்டி வைத்தவர்களும் உண்டு, நன்றாகவே வேலை செய்கிறது. வாரம் ஒருநாள் ஜாலியைத் தூக்கிக் கையால் எடுத்துக் குப்பையில் போட வேண்டும். அருவருப்பாகத்தான் இருக்கும். ஒன்றரை அடிச் சடையை இழுப்பதைவிட எவ்வளவோ தேவலை.

ஜாலியைத் தூக்க முடிந்தால்தானே என்பீர்கள். அங்கேதான் கொத்தனார்கள் வேலையைக் காட்டுகிறார்கள். ஆடக் கூடாது என்று சுற்றி வெள்ளைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிடுவார்கள். அப்புறம் உளி இல்லாமல் எடுக்க முடியாது. டைல்ஸ் வேலை முடிந்த அன்று சாந்துச் சட்டியையும் கரண்டியையும் அதே குளியலறையில் கழுவுவார்கள். கழுவின சிமெண்ட் குழாயின் அடியில் போய் உட்கார்ந்து இறுகிவிடும். எங்கள் குழாயில் வந்த கட்டி இரண்டாவது மாடியில் ஆவணி மாதம் டைல்ஸ் மாற்றியபோது போனது, நிறம்கூட ஒத்துப்போனது. வேலை நடக்கிற நாட்களில் ஒரு சாக்கைச் சுருட்டி ஓட்டையில் அடைத்து வையுங்கள். சட்டியை வெளியே கழுவச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஜாலிக்குக் கீழே தரையில் பதித்த கிண்ணம் போன்ற நானி ட்ராப்புக்குள் ஒரு கப் இருக்கும். சில வீடுகளில் முடி அதில் மாட்டுகிறது என்று கப்பையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். தண்ணீர் வேகமாகப் போகும், உண்மை. கூடவே சாக்கடை நாற்றமும் கரப்பானும் வந்து சேரும். கப்பைச் சுற்றி எப்போதும் இரண்டு அங்குலத் தண்ணீர் நின்று நாற்றத்தை மறிப்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. 1775-இல் லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங், கழிப்பறைக் குழாயை வளைத்து அதில் தண்ணீர் தேங்கவைத்துக் காப்புரிமை வாங்கினார். அதே சூத்திரம்தான் இங்கேயும். கப்பைக் கழற்றிக் கழுவிவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தால் வீடு நாறுகிறதா? அந்தத் தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு வாளி ஊற்றினால் சரியாகிவிடும்.

வெந்நீர் ஊற்றலாம், ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீர் வேண்டாம். பிவிசி குழாய் இளகி, இணைப்பு விட்டுப்போகும்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வளைவு வருகிற இடங்களில் 'டோர் பெண்ட்' போடச் சொல்லுங்கள். பக்கத்தில் திருகித் திறக்கிற மூடி இருக்கும். அடைத்தால் அங்கேயே கை வைத்து எடுக்கலாம். சாதா பெண்டைவிட விலை கொஞ்சம் கூட. அந்தக் கொஞ்சத்தை மிச்சம் பிடிக்க, என் கடையில் வாங்கிய கான்ட்ராக்டர்களில் பாதிப் பேர் சாதாவைத்தான் எடுத்துப்போனார்கள். எங்கள் கட்டடத்தில் அடிவளைவும் சாதாதான். கட்டியவருக்குச் சரக்கு கொடுத்ததும் நான்தான் என்பதை மனைவி தீபாவளியன்று இரண்டு முறை ஞாபகப்படுத்தினாள்.

அன்று மத்தியானம் அசோசியேஷனில் ஒருவர், சேம்பரில் ஒரு ஆளை இறக்கி மொத்தமாக வாரிவிடலாமே என்றார். கூடாது என்று சண்டையே போட்டேன். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஒருவரைச் சாக்கடைக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நம்மைப் போன்ற தனியார் வீட்டுக்காரருக்கும் அது பொருந்தும். அப்படிச் சாகிறவர்களின் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் செய்தித்தாளில் அந்தச் சாவுகளைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். மறுநாள் மெஷின் வண்டி வந்தது, வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டோம்.

பதினாலு ஸ்டிக்கர் பொட்டையும் ஒரு அட்டையில் ஒட்டி நோட்டீஸ் போர்டில் மாட்டியிருக்கிறேன். இதுவரை யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. உங்கள் நான்காவது குறிப்புக்கான திருத்தத்தை மட்டும் அடுத்த இதழிலேயே, கண்ணில் படுகிற இடத்தில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
சேலையூர், சென்னை