எல்லாம் கோரைதான், ஆனால் ஒரே கோரை இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் நெல் வயல் களைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். புல் வகைகளுக்கு நாலைந்து படம் போட்டுவிட்டு, கோரைக்கு மட்டும் ஒரே படம் போட்டுக் கீழே 'கோரை' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. அந்த ஒரு சொல்லுக்குள் எங்கள் வயலிலேயே நாலு செடி இருக்கிறது. ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றுக்கு ஆகாது.

நான் மன்னார்குடி பக்கம் மூன்று ஏக்கர் சாகுபடி செய்கிறேன். சில வருடங்களுக்கு முன் குறுவையில், தண்ணீர் வந்து பாயும் வாய்மடை ஓரம் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோரை நின்றது. அதே சமயம் வரப்பு மேல் விரல் நீளத்துக்கு, இரண்டே சிறுகதிரோடு இன்னொன்று. மருந்துக்கடையில் இரண்டையும் காட்டினேன். வேறு வேறு களை என்று இரண்டு மருந்து கொடுத்தார்கள். வாங்கி அடித்ததில் பாதிப் பணம் வீண்.

அப்புறம்தான் இரண்டையும் வேரோடு பிடுங்கி, கழுவி, வெள்ளைத் துண்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மகளின் லென்ஸால் பார்த்தேன். இரண்டிலும் கிழங்கு இல்லை, லேசாகச் சிவந்த நார்வேர்தான். சிறுகதிரில் விதையை மூடியிருக்கும் செதில் இரண்டிலும் மஞ்சள், நடுவில் பச்சைக் கோடு. கசக்கினால் உதிர்ந்த விதை இரண்டிலும் முப்பட்டை, கருத்த பழுப்பு. இரண்டுமே ஊசிக்கோரை, அறிவியல் பெயர் சைபரஸ் இரியா. தண்ணீரும் உரமும் கிடைத்தது வளர்ந்துவிட்டது, வரப்பில் காய்ந்தது குட்டையாக நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

உயரம், இலை நீளம், கொத்தில் எத்தனை கதிர் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். மாடு கடித்துத் திரும்பத் துளிர்த்தால் இன்னும் மாறும். நிறத்தையும் மொத்தமாக நம்ப முடியாது. வட்டக்கோரையின் உருண்டைக் கொத்து இளசில் பச்சையாக இருந்து முற்ற முற்றக் கறுத்துவிடும். வேர், செதிலின் வடிவம், விதையின் பட்டை இவை அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. தண்டு முப்பட்டையா என்று மட்டும் பார்த்து முடிவு செய்வதும் சரியில்லை. விரல்களுக்கிடையில் உருட்டினால் முட்டுகிற தண்டுதான் அதிகம், ஆனால் குளத்தோரக் கோரைகள் சிலவற்றின் தண்டு குழாய் போல உருண்டையாகவே இருக்கும்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. வேதாரண்யம் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, கடலோர மணலில் எங்கள் ஊர்க் கோரைக்கிழங்குச் செடியேதான் இது என்று நினைத்து ஒன்றைத் தோண்டினேன். மேலே அதே பழுப்புக் கதிர், அதே இலை. அடியில் பார்த்தால் வெங்காயம் மாதிரி மெல்லிய தோல் சுற்றிய சின்னக் குமிழ். கோரைக்கிழங்கில், அதாவது முத்தக்காசில், கறுத்த கிழங்குகள் ஒரே வேர்த்தண்டில் மணி கோத்ததுபோல் வரிசையாக இருக்கும், நசுக்கினால் வாசம் வரும். 1753-இல் தாவர அறிஞர் லின்னேயஸ் அதற்கு 'உருண்டை' என்ற பொருளில் சைபரஸ் ரொட்டுண்டஸ் என்று அறிவியல் பெயர் வைத்ததும் அந்தக் கிழங்கை வைத்துத்தான். தோண்டாமல் வந்திருந்தால் இரண்டையும் ஒன்று என்றே சொல்லிக்கொண்டிருப்பேன்.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. ஊசிக்கோரையும் வட்டக்கோரையும் விதையில் பரவுகிறவை. விதை முற்றுவதற்குள் கைக்களை எடுத்தால் அடுத்த பட்டத்துக்குப் பெருமளவு குறையும். கோரைக்கிழங்கைப் பிடுங்கினாலோ கோத்த மணி அறுந்து, ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகக் கிளம்பும். களையெடுக்க வரும் அம்மாக்களுக்கு இது நன்றாகத் தெரியும், கொல்லையில் அதைக் கண்டால் இழுக்காமல் தோண்டத்தான் சொல்வார்கள். அச்சில் வரும் படங்களில்தான் அந்த விவரம் இல்லை.

அடுத்த முறை கோரை பற்றி எழுதும்போது ஒவ்வொரு வகைக்கும் மூன்று படமாவது போடுங்கள்: தண்ணீரில் நிற்பது, வரப்பில் காய்ந்தது, மாடு மேய்ந்தது. கூடவே கழுவிய வேரின் படம் ஒன்றும் வேண்டும். பிடுங்கிய தேதி, தண்ணீர் நின்ற ஆழம் எல்லாம் எழுதி, பழைய செய்தித்தாளுக்குள் அழுத்தி வைத்த செடிகள் என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது. கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி வட்டம்