சட்டம் இருக்கு, லைட்டரும் தொங்குது

ஐயா,

பஸ் ஸ்டாண்டுக்குள்ள இருக்கிற டீக்கடையில 'புகை பிடிக்காதீர், மீறினால் 200 ரூபாய் அபராதம்'னு போர்டு இருக்கு, அதுக்கு நேர் கீழயே கஸ்டமருக்காக நூல்ல கட்டி லைட்டர் தொங்குது, பக்கத்துல கைக்குழந்தையோட நிக்கிற அம்மா முந்தானையால குழந்தை மூக்கை மூடிக்கிறாங்க. 2008 அக்டோபர் 2ல வந்த விதிப்படி பொது இடத்துல லைட்டர், தீப்பெட்டி, ஆஷ்ட்ரே எதுவும் கொடுக்கவே கூடாது, இடத்தோட பொறுப்பாளர் நடவடிக்கை எடுக்கலைன்னா அவருக்கும் அபராதம் உண்டு. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

அன்புமணி மத்திய சுகாதார அமைச்சரா இருந்தப்போ அந்த விதியைக் கொண்டு வந்தாரு. அவரோட கட்சி அரசியல் எனக்குப் பிடிக்காது, ஆனா இந்த விஷயத்துல அவர் செஞ்சது சரி. சினிமாவுல ஹீரோ சிகரெட் பிடிக்க வேணாம்னு சொன்னதும் ரசிகர் சண்டை கட்சிச் சண்டைன்னு ஆகி, நுரையீரல் பத்தின பேச்சே காணாம போச்சு, அது இன்னைக்கும் எனக்கு வருத்தம்தான்.

இன்னொண்ணு, பொதுத்துறை எல்ஐசி கையில சிகரெட் தயாரிக்கிற ஐடிசி கம்பெனியோட பங்கு இருக்கு, சிகரெட் வரியும் கஜானாவுக்குப் போகுது, அப்புறம் அரசாங்கம் எப்படி முழு மனசோட தடுக்கும்? அந்தப் பங்கை வித்துட்டு வெளிய வரணும். 2003ல போட்ட புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துல இருக்கிற 200 ரூபாய் அபராதத்தையும் ஏத்தணும். அதுக்கு முன்னாடி நகராட்சிக்காரங்க பஸ் ஸ்டாண்டு கடைகள்ல தொங்குற லைட்டரையாவது இந்த வாரமே கழட்டட்டும்.

இப்படிக்கு,
ஒரு தினசரி பஸ் பயணி