ஒரு ‘ஆகவே’ பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மூளை நரம்புகளைச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹன்டிங்டன் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில் ஒரு வரி: “சுண்டெலியின் ஸ்ட்ரியேட்டத்தில் பி.டி.என்.எஃப். மரபணு ஏறக்குறைய இயங்குவதே இல்லை. ஆகவே அந்தப் புரதம் அங்கே கிடையாது.” ஸ்ட்ரியேட்டம் என்பது மூளையின் ஆழத்தில், உடலசைவைக் கவனிக்கும் பகுதி; பி.டி.என்.எஃப். நரம்பு செல்களை வாழவைக்கும் புரதம். வரியின் முதல் பாதி சரி. ‘ஆகவே’யில் வண்டி குடை சாய்ந்துவிட்டது. அடுப்பு எரியாத வீட்டில் சோறே இருக்காதா? பக்கத்து வீட்டிலிருந்து தூக்குவாளியில் வராதா? மூளையின் வெளியடுக்கான புறணியின் நியூரான்கள் (நரம்பு செல்கள்) இந்தப் புரதத்தைத் தயாரித்து, ஆக்ஸான் என்ற நீண்ட நரம்பிழை வழியே ஸ்ட்ரியேட்டத்துக்கு அனுப்புகின்றன. அந்தப் போக்குவரத்தைத் தடுத்தால் அங்கே இருப்பு வற்றிவிடும் என்று 1997லேயே காட்டியாயிற்று. ஹன்டிங்டன் நோயில் குறைவது இந்த வரத்துதான் என்கிறபோது, கட்டுரை எதைப் பற்றி என்பதே கேள்வியாகிறது. தங்களுக்குத் தெரியாததல்ல.

பெட்டிச் செய்தி இன்னும் மேல். மரபணு இயங்கும்போது உருவாகும் நகலான ஆர்.என்.ஏ.வின் வடிவங்கள் பல இருப்பதால் புரதமும் அத்தனை வகையாம்! இந்த மரபணுவின் முன்பக்க எக்ஸான்கள் (மரபணுவின் துண்டுகள்) எட்டும் புரதமாக மாறுவதில்லை. புரதத்துக்கான குறிப்பு முழுக்க ஒன்பதாவது எக்ஸானில். எந்த வடிவத்திலிருந்து வந்தாலும் கிடைப்பது ஒரே முன்புரதம். 32 கிலோடால்டன் (புரதத்தின் எடையைச் சொல்லும் அலகு) அளவுள்ள அதை நறுக்கித்தான் 14 கிலோடால்டன் முதிர்ந்த புரதம் வருகிறது. மூளையின் எந்தப் பகுதியில், எந்தத் தூண்டலுக்கு மரபணு இயங்கும் என்பதில்தான் முன்பக்க எக்ஸான்களுக்கு வேலை.

“ஸ்ட்ரியேட்டத்திலும் ஆர்.என்.ஏ. கிடைத்ததே” என்று கட்டுரையாளர் மறுத்து எழுதக்கூடும். கிடைக்கும், வெட்டு பிசகினால். பனிக்கட்டிமேல் மூளையை 1 மில்லிமீட்டர் துண்டுகளாக்கி, கார்பஸ் கலோசம் என்ற வெள்ளைப் பட்டைக்குக் கீழே, திசுவைத் துளைத்தெடுக்கும் பஞ்ச் கருவியை இறக்க வேண்டும். அந்தப் பட்டையைத் தாண்டி மயிரிழை புறணி ஒட்டினாலும் கணக்கு கெட்டது. அதே திசு மாதிரியில் எஸ்.எல்.சி.17ஏ7 என்ற இன்னொரு மரபணுவையும் அளந்தால் குட்டு வெளிப்படும். புறணியில் அது கொட்டிக் கிடக்கும், ஸ்ட்ரியேட்டத்தில் இராது. புரதம் தெரியவில்லை என்றால் முதலில் சோதனையில் புரதத்தை ஒற்றியெடுக்கும் சவ்வான மெம்பிரேனைப் பாருங்கள். 14 கிலோடால்டன் புரதம் 0.45 மைக்ரான் துளையில் நழுவிப் போய்விடும், 0.2 வேண்டும். இல்லாததற்கும் பிடிபடாததற்கும் வித்தியாசம் உண்டல்லவா?

இது முதல் தடவையும் அல்ல. எந்த மரபணு மூளையில் எங்கே இயங்குகிறது என்று காட்டும் ஆலன் மூளை அட்லஸின் வண்ணப் படத்தைப் ‘புரத வரைபடம்’ என்று அச்சிட்டீர்கள். அது 56 நாள் வயது ஆண் சுண்டெலியின் ஆர்.என்.ஏ. வரைபடம். அப்போது எழுதிய கடிதம் இன்னும் தங்கள் மேஜையில் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறேன். சுண்டெலி பற்றிய கட்டுரைக்குப் பெருச்சாளி படம் போட்டதை விட்டுவிடுகிறேன். ஓவியருக்கும் பிழைப்பு நடக்க வேண்டும்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்த ‘ஆகவே’யை நீக்கி, “ஆனாலும் புறணியிலிருந்து வந்து சேர்கிறது” என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம். ராசிபலனுக்கும் சந்தாப் படிவத்துக்கும் நடுவே இரண்டு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்