ரப்பர் சரி, திருகு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆல்பைன் ஸ்னோபோர்டில் (பனிச்சரிவில் வேகமாக வளைந்து இறங்குவதற்கான பலகை), பூட்ஸைப் பலகையோடு பிடித்துவைக்கும் பைண்டிங்குக்கு அடியில் வைக்கும் அதிர்வுத் தணிப்புத் தகட்டை வீட்டிலேயே செய்வது எப்படி என்று சென்ற வாரம் தங்கள் அறிவியல் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. இதைப் பற்றித் தமிழில் ஒருவர் எழுதினாரே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். ஸ்னோபோர்டு என்றாலே காற்றில் குட்டிக்கரணம் அடிப்பது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். 1998இல் நாகானோவில் அது முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்தபோதே, நட்ட கொடிகளைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் ராட்சத ஸ்லாலம் பந்தயமும் இருந்தது. 2002 முதல் இருவர் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் இறங்கும் இணைப் பந்தயமாக அது நடக்கிறது. 2018 பியோங்சாங்கில் செக் வீராங்கனை எஸ்டர் லெடெட்ஸ்கா ஸ்கீயில் சூப்பர்-ஜி தங்கத்தை நூறில் ஒரு நொடி வித்தியாசத்தில் வென்று, சரியாக ஒரு வாரம் கழித்து ஸ்னோபோர்டிலும் தங்கம் வாங்கினாரே, அந்தப் பந்தயம்தான் இது.

கட்டுரையோடு இருந்த படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு வருடத்துக்கு முன்னால் நான் செய்து வீணாக்கிய முதல் தகடு அச்சாக அப்படியேதான் இருந்தது. 5 மி.மீ. அலுமினியத் தகடு. அதற்கு அடியில் அதே அளவுக்கு வெட்டிய ரப்பர் ஷீட். பைண்டிங்கிலிருந்து தகட்டையும் ரப்பரையும் துளைத்துக்கொண்டு நேராகப் பலகைக்குள் இறங்கும் நான்கு நீளத் திருகுகள். “ரப்பர் எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லது” என்று படத்துக்குக் கீழே ஒரு வரி வேறு. யாராவது இதைப் பார்த்துச் செய்துவிடுவார்களே என்றுதான் எழுதுகிறேன்.

நான் தொழிலில் ஃபிட்டர். இயந்திரங்களை அடித்தளத்தில் உட்காரவைப்பதே வேலை. பனியில் இறங்கியது நாற்பது வயதுக்கு மேல். காலையில் இறுகிக் கிடக்கும் பனியில் பலகையைச் சாய்த்து, எஃகு விளிம்பில் நிறுத்தித் திரும்பும்போது விளிம்பு பனியைப் பிடிக்கும், நழுவும், மறுபடி பிடிக்கும். ஒரு நொடிக்குள் இது பல தடவை நடந்துவிடும். மென்மையான பூட்ஸ் போட்டிருந்தால் அதில் பாதியைப் பூட்ஸே வாங்கிக்கொள்ளும். ஆல்பைன் பலகையில் ஏறும் எங்கள் பூட்ஸ் ஸ்கீ பூட்ஸ் மாதிரி கெட்டிப் பிளாஸ்டிக் ஓடு. அதைப் பைண்டிங்கின் கம்பி வளையம் இறுக்கிப் பிடித்திருக்கும். நடுவில் மெத்தென்று ஒன்றுமே இல்லை. தடதடப்பு முட்டி வழியாக ஏறிப் பல்லில் போய் முடியும்.

அந்தத் தடதடப்பு என் முதல் தகட்டுக்குப் பிறகு கொஞ்சமும் குறையவில்லை. ஏன் என்று மூன்று நாள் மண்டையைக் குடைந்தேன். தொழிலில் நானே பல பேருக்குச் சொல்லிக்கொடுத்த விஷயம், என் காலுக்கடியில் இருந்தபோது எனக்குத் தெரியவில்லை. ஜெனரேட்டருக்கு அடியில் ரப்பர் பேடு வைத்துவிட்டு, அஸ்திவார போல்ட்டை முட்ட முட்ட முடுக்கினால் என்ன ஆகும்? பேடு சும்மா கிடக்கும், தரை அதிரும். நீளத் திருகு ஒரு எஃகுப் பாலம். ரப்பர் ஆறு மாதிரி கீழே கிடக்க, அதிர்வு பாலத்தின் மேல் ஏறி நடந்து வந்துவிட்டது.

ஆகவே திருகுகளை இரண்டு தொகுதியாகப் பிரிக்க வேண்டும். கீழ்த்தகடு ஒன்று, பலகையோடு மட்டும் திருகப்படும். மேல்தகடு ஒன்று, பைண்டிங்கை மட்டும் தாங்கும். இரண்டையும் சேர்க்கும் போல்ட்டுகள் மேல்தகட்டின் உலோகத்தை எங்கேயும் தொடக் கூடாது. துளையைப் பெரிதாக்கி, ரப்பர் புஷ் (குழாய் மாதிரி உறை) போட்டு, போல்ட் தலைக்கு அடியிலும் ரப்பர் வாஷர் வைத்து, அதன் மேல் துளையைவிட அகலமான எஃகு வாஷர் போடுங்கள். ரப்பர் மொத்தமாகக் கிழிந்து போனாலும் அந்த எஃகு வாஷர் தகட்டை விடாது. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. விழுந்தால் கழன்று கொடுக்கும் ஏற்பாடு ஸ்கீ பைண்டிங்கில் உண்டு, ஸ்னோபோர்டு பைண்டிங்கில் பொதுவாக இல்லை. ஒரு கால் கழன்று மற்றொரு கால் மாட்டிக்கொண்டிருந்தால் முட்டி என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

அடுத்தது அந்த முழு ஷீட். ரப்பரை அமுக்கலாம், அதன் கன அளவைக் குறைக்க முடியாது. மேலே அமுக்கினால் பக்கத்தில் பிதுங்கும். பிதுங்க இடம் கொடுக்காமல் இரண்டு தகட்டுக்கு நடுவே முழுசாகச் சிறைவைத்தால் மரக்கட்டை மாதிரி நிற்கும். அதே 3 மி.மீ. ஷீட்டிலிருந்து 25 மி.மீ. வட்டங்களாக வெட்டி மூலைக்கு ஒன்று வைத்தேன். அன்றைக்குத்தான் அது ரப்பராக வேலை செய்தது. உடனே பேராசைப்பட்டு, வட்டங்களை இரண்டடுக்காகவும் போட்டுப் பார்த்தேன். அது படகு சவாரி. குதிகாலை அழுத்தினால் பலகை யோசித்துவிட்டுத் திரும்பியது. தடிமன் கூடினால் நல்லது என்று எழுதியவரை அதில் ஒரு முறை ஏற்றி இறக்கினால் போதும்.

எந்த ரப்பர் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. எனக்கு இதில்தான் அதிக நாள் போனது. மெத்தென்று இருப்பது வேறு, அதிர்வைத் தின்பது வேறு. கைவிரலால் அமுக்கிப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. நான் பேரிங்கிலிருந்து எடுத்த ஒரு எஃகுக் குண்டை வைத்துக்கொண்டேன். கிடைத்த ரப்பர்த் துண்டுகளை வரிசையாகத் தரையில் ஒட்டி, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து குண்டைப் போட்டு, எவ்வளவு எழும்புகிறது என்று பின்னால் நிறுத்திய அளவுகோலில் பார்த்தேன். இயற்கை ரப்பரில் குண்டு துள்ளிக்கொண்டு மேலே வந்தது. வாங்கிய சக்தியை அப்படியே திருப்பிக் கொடுக்கிற பொருள் அது. பந்துக்கு நல்லது, நமக்கு ஆகாது. டயர் டியூபில் இருக்கும் பியூட்டைல் ரப்பரில் குண்டு ‘தொப்’பென்று விழுந்து அங்கேயே உட்கார்ந்தது. சக்தியெல்லாம் உள்ளே வெப்பமாகப் போய்விட்டது என்று அர்த்தம்.

அப்புறம் எல்லாத் துண்டுகளையும் இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்து, காலையில் எடுத்த கையோடு மறுபடி போட்டேன். அறையில் நன்றாக நடந்துகொண்டவை பல அங்கே மாறிப்போயிருந்தன. ஓட்டக் காலணியின் அடித்தட்டிலிருந்து அறுத்தெடுத்த ஈ.வி.ஏ. நுரை நகம் இறங்காத அளவுக்கு விறைத்திருந்தது. பியூட்டைலும் கொஞ்சம் கெட்டியானதுதான், ஆனால் குண்டு அப்போதும் துள்ளவில்லை. என் தகட்டில் இன்றுவரை இருப்பது அதுதான். மேசைமேல் வைத்து, அறை வெப்பத்தில் அமுக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ரப்பரைப் பனிமலைக்குக் கொண்டுபோவது, கோடையில் அளவெடுத்துக் குளிருக்குச் சட்டை தைக்கிற மாதிரி.

பலகை செய்கிறவர்கள் இதே வேலையைப் பலகைக்கு உள்ளேயே செய்கிறார்கள். மெல்லிய ரப்பர் அடுக்கை இரண்டு விறைப்பான அடுக்குகளுக்கு நடுவே ஒட்டிவிட்டால், பலகை வளையும்போதெல்லாம் ரப்பர் பக்கவாட்டில் இழுபடும். அந்த இழுபடலில் அதிர்வு கரையும். அந்த விறைப்பான அடுக்கு பல பந்தயப் பலகைகளில் டைட்டனால். பெயரைப் பார்த்து டைட்டானியம் என்று எழுதிவிடுகிறார்கள், தங்கள் கட்டுரையாளரும் எழுதியிருக்கிறார். அது அலுமினியக் கலவை.

திருகு நீளத்தையும் சொல்லிவிடுகிறேன். பலகையில் பதித்திருக்கும் மரைகள் பெரும்பாலும் எம்6, அதாவது 6 மி.மீ. திருகுக்கானவை. ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. இறங்கும். ஆகவே கையால் முடுக்கிக்கொண்டே சுற்றை எண்ணுங்கள். ஆறு சுற்றாவது பிடிக்கவில்லை என்றால் திருகு போதாது, மரையைப் பிய்த்துக்கொண்டு வரும். நீளம் கூடிப்போய் அடியில் முட்டினால் பலகையின் அடிப்பக்கத்தில் ஒரு கொப்புளம் கிளம்பும். என் பழைய பலகையில் அப்படி ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு முறை மெழுகு தேய்க்கும்போதும் விரலில் தட்டுப்படும். திருகு தளராமல் இருக்க மரைப் பசை போடுகிறவர்கள் அது பைண்டிங்கின் பிளாஸ்டிக் பாகங்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சில பிளாஸ்டிக்குகள் அதில் கீறல் விட்டுப் பிளந்துவிடும்.

கடைசியாக, பக்கத்தின் கீழே இருந்த இரண்டாவது படம். இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரே நீளத் தகடு, அதைப் பலகையோடு சேர்க்க முன்னும் பின்னும் ஒவ்வொரு அச்சு. புதிதாகச் செய்கிறவர்கள் அதைத் தொடாமல், காலுக்கு ஒன்றாகச் சின்னத் தகட்டில் ஆரம்பிப்பது நல்லது என்பது என் எண்ணம். செய்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. திருப்பத்தில் பலகை 8 மீட்டர் ஆரமுள்ள வில்லாக வளைகிறது, அச்சுகள் பலகைக்கு 2 செ.மீ. மேலே, ஒன்றுக்கொன்று 50 செ.மீ. தள்ளி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த வளைவில் இரண்டு அச்சும் சுமார் ஒன்றேகால் மி.மீ. நெருங்கி வரும். ஒன்றேகால் மி.மீ. தானே என்று நானும் நினைத்தேன். நகர இடம் இல்லாததால் பலகை காலுக்கடியில் வளையவே மறுத்தது, திருப்பம் உடைந்த கோடாக விழுந்தது. சாயங்காலம் கழற்றிப் பார்த்தால் அலுமினியத்தில் நான் போட்ட வட்டத் துளை முட்டை வடிவில் இருந்தது. பலகை தனக்கு வேண்டிய இடத்தைத் தானே அரைத்து எடுத்துக்கொண்டிருந்தது.

தங்கள் படத்தில் பின்பக்க அச்சின் துளையும் வட்டமாகத்தான் இருக்கிறது. திருத்தம் வெளியிடும் வழக்கம் தங்கள் இதழில் உண்டு என்பதால் கேட்கிறேன். வேறு எதற்கும் இடம் இல்லாவிட்டாலும், அந்தத் துளையை மட்டும் முன்னும் பின்னும் 3 மி.மீ. நீட்டி வரைந்து போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஃபிட்டர் வாசகர் ஒருவர்