பேசாமல் இருந்த பத்து நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

பத்து நாளாக நான் போனே எடுக்கவில்லை என்று அம்மா பதறிப்போயிருப்பாள். சொல்லிவிட்டுத்தானே போனேன்! தியான முகாமில் சேர்ந்த அன்றைக்கே போனை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். பேச்சு கிடையாது, படிப்பு கிடையாது. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து பேச ஆளில்லை என்று உன்னிடம் புலம்பியவள், பேசவே கூடாத இடத்தைத் தேடிப் போனதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

விடியுமுன் மணி அடிக்கும். கொஞ்ச நேரம் உட்கார்வது, கொஞ்ச நேரம் நடப்பது, இரவுவரை இதேதான். பர்மாவின் மகாசி சயாடோ என்ற பௌத்தத் துறவி கற்றுக்கொடுத்த முறை. மூச்சில் வயிறு எழுந்தால் 'எழுகிறது', தாழ்ந்தால் 'தாழ்கிறது' என்று மனதுக்குள் குறித்துக்கொள்ள வேண்டும். நடக்கும்போது 'தூக்குகிறேன், நகர்த்துகிறேன், வைக்கிறேன்'. மூன்றாம் நாள், குதிகால் தரையை விடும்போது பாரம் அப்படியே மறுகாலுக்கு இறங்குவது தெரிந்தது. 34 வருடமாக நடக்கிறேன், இதைக் கவனித்ததே இல்லை.

மாலையில் மெத்தா. மைத்ரி என்போமே, அதன் பாலிச் சொல். 'நலமாக இருக்கட்டும், பயமில்லாமல் இருக்கட்டும்' என்று ஒவ்வொருவராக வாழ்த்த வேண்டும். 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் என்ற பௌத்த அறிஞர் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூலில் உள்ள வரிசைதான்: முதலில் தன்னை, அப்புறம் பிரியமானவரை, அப்புறம் வேண்டியவரும் வேண்டாதவரும் அல்லாத ஒருவரை, கடைசியில் பகையாளியை.

பிரியமானவளாக உன்னை வைத்துக்கொண்டேன். அம்மாவை நினைத்தால் அவளுடைய முழங்கால் வலியும் கூடவே வந்து கவலையாகிவிடுகிறது. மெத்தாவுக்குப் பக்கத்திலேயே நிற்கும் எதிரி பற்று என்று அந்த நூலே சொல்கிறது.

மூன்றாவது ஆளுக்குத்தான் திண்டாடவில்லை. இங்கே எனக்கு எல்லாருமே அப்படித்தான், அவர்களுக்கு நானும் அப்படித்தான். பாத்திரம் கழுவும் வேலையில் என்னோடு நின்ற ஒரு வயதான அம்மாளை எடுத்துக்கொண்டேன். நான் கழுவித் தரும் கோப்பைகளைத் துடைத்து, பிடியெல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்குவார். தினமும் வாழ்த்தினேன். எட்டாம் நாள் அவர் இருமியபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. பெயர்கூடத் தெரியாது, பார்த்துக்கொள்!

பகையாளி யாரென்று உனக்குத் தெரியும். என் மேலாளர். உட்கார்ந்த இடத்திலேயே கோபம் பொங்கியது. அப்படியானால் பிரியமானவரிடம் திரும்பிப் போய் ஆரம்பி என்கிறார் புத்தகோசர், நானும் உன்னிடமே திரும்பித் திரும்பி வந்தேன். எதுவுமே பலிக்காவிட்டால் அந்த ஆளுக்கு ஏதாவது பரிசு கொடு என்றும் எழுதியிருக்கிறார். அந்த அளவுக்கு நான் இன்னும் போகவில்லை.

கடைசி நாள் மௌனம் கலைந்தது. அந்த அம்மாள் வாயைத் திறந்தவர் மூடவே இல்லை! அரை மணி நேரத்தில் எனக்கு எப்போது தப்பிக்கலாம் என்றாகிவிட்டது. பத்து நாள் மெத்தா எங்கே போனதோ. என் நம்பரை வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா என்றார். சரி, வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறன்று கூப்பிடுகிறேன். அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
உன் தங்கை